திருப்பக் கூடாத பெட்டி

போன வாரம் கேகாலை ஆபிஸிலிருந்து தொலைபேசி வந்தது. நான் ரிட்டயராகி இன்னும் ஒரு வருடம்கூட முடியவில்லை. நாம் இல்லாமல் அங்கே வேலை ஓடவில்லை போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பேசியது தர்ஷினி. எனக்குப் பிறகு என் மேசைக்கு வந்தவள்.

"யோகாக்கா, புது புரோகிராம் வந்திருக்கு. பெட்டியப் போட்டதும் திருப்புற அம்பை அதுவே வச்சிருது. வேணுமா வேணாமான்னு கேக்குது. நம்ம செக்லிஸ்ட்டுல மொத வரியிலயே 'அம்பு வைக்கக் கூடாது. ஏன் என்று யோகாவிடம் கேட்கவும்'னு இருக்கு. அதான் கேக்குறேன். ஏன்க்கா?"

"அடிப்பாவி, அந்த வரி இன்னும் இருக்கா?"

"இருக்கே. யாரும் அழிக்கல."

ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயமா அது? இப்போதைக்கு 'வேண்டாம்' என்ற பொத்தானை அமத்து, நான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே ஒரு கேள்வி கிளம்பியது. காரணத்தை ஒரு வரியில் எழுதியிருக்கலாமே. எங்கள் முதலாளி நஸ்மி சேர் எதற்காக என் பெயரை எழுதி வைத்தார்? நான் கேள்வி கிளம்பினால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். என் தங்கச்சி இன்றைக்கும் "அக்கா கம்ப்யூட்டர்ல பெட்டி வரையுறாங்க" என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறாள். தப்பில்லை. இப்போதெல்லாம் ஒரு பெரிய கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்பு கம்ப்யூட்டருக்குள் முழுதாகக் கட்டிப் பார்க்கிறார்கள். சுவர், தூண், குழாய், கதவு எல்லாம் அதற்குள் இருக்கும். அதைக் கட்டட மாதிரி என்போம். அதற்குள் வருகிற ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து செய்து கொடுத்திருக்க வேண்டும். எங்கள் பங்கு, குளிர்காற்று அனுப்பும் இயந்திரங்களை மூடுகிற தகரக் கூடுகள். பெட்டி என்று சொன்னாலும் தோட்டத்து லயத்தில் இரண்டு காம்பரா, அதாவது இரண்டு அறை அளவுக்கு இருக்கும். உள்ளே ஆள் நடக்கலாம். வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலை, கேட்டவருக்குக் கேட்ட அளவில் தகரம் வெட்டி அதைச் செய்யும். அதே பெட்டியின் மாதிரியை நாங்கள் கேகாலையில் உட்கார்ந்து செய்து அனுப்புவோம். கட்டடத்தை வரைகிறவர் அதைத் தன் கட்டடத்துக்குள் வைத்து, குழாய் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துக்கொள்வார்.

நான் பிறந்தது பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். படம் வரைகிற படிப்பு ஒன்றை டெக்னிக்கல் கொலேஜில் முடித்தேன். அங்கே படித்ததைவிட கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். பிறகு மாவனல்லையில் நஸ்மி சேருடைய தகரப் பட்டறையில் படம் வரைய வந்தேன். தேயிலை ஸ்டோர்களுக்குக் காத்தாடிக் கூடு, ஜெனரேட்டருக்குச் சத்தம் அடக்கும் கூடு எல்லாம் அங்கே செய்தார்கள். பென்சில் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பட்டறை கேகாலைக்கு மாறி, அதற்கு மேல்மாடியில் ஒரு ஆபிஸும் வந்தது. இருபத்தைந்து வருடத்தை ஐந்து வரியில் முடித்துவிட்டேன், பரவாயில்லை.

நஸ்மி சேரைப் பற்றி அப்படி அவசரமாகச் சொல்ல முடியாது.

மெலிந்த ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் கோடு கீற ஒரு சாக்குக்கட்டி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிழை விட்டால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எனத்துக்கு?" ஏன் என்பதைத்தான் மாவனல்லை முஸ்லிம் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். கோபமே இருக்காது. நிஜமாகவே அவருக்குத் தெரிய வேண்டும். "எனத்துக்கு இந்தக் கோட்டை இங்க போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நாம் பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஏசிவிட்டால்கூடத் தேவலை என்று இருக்கும். வந்த புதிதில் நான் இரண்டு தடவை டொய்லட்டில் போய் அழுதிருக்கிறேன். போகப் போக அந்தக் கேள்வி எனக்கும் தொற்றிவிட்டது.

அவருக்கு ஒரு முறை இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி முடிந்ததும் அனுப்பிவிட மாட்டார். எல்லாரும் மாடியிலிருந்து கீழே பட்டறைக்கு இறங்க வேண்டும். அங்கே சீமெந்துத் தரையில் அந்தப் பெட்டியையும் அது வைக்கப்படப்போகிற அறையையும் சுவரோடு தூணோடு முழு அளவில் சாக்குக்கட்டியால் கீறுவோம். நாடாவைப் பிடிப்பது நான். கீறுவது அவர். பிறகு ஒருவர் ரிப்பேர்காரராக வேண்டும். சும்மா நடித்தால் போதாது. பத்துக் கிலோ சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இன்னொருவர் கதவாக வேண்டும். கதவின் அளவில் வெட்டிய காட்போட் மட்டையைப் பிடித்துக்கொண்டு திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. நஸ்மி சேர் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக்கொண்டு, "உள்ளுக்குப் பெய்த்து வாங்க" என்பார். போய்விட்டு வாருங்கள் என்பதுதான் அது.

கோட்டை மிதிக்கக் கூடாது. கோடுதான் சுவர். உள்ளே போய் ஃபில்டரை இழுத்து வெளியே எடுக்க வேண்டும், மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். எங்களோடு சமந்தி என்று ஒரு சிங்களப் பிள்ளை வேலை செய்தாள். நல்ல உடம்புக்காரி. ஒரு நாள் இரண்டு கோட்டுக்கு நடுவில் பையோடு நின்றுகொண்டு, "அனே யோகா, மம ஹிரவுனா!" என்று கத்தினாள். நான் மாட்டிக்கிட்டேன் என்று அர்த்தம். சுற்றி ஒன்றுமே இல்லை, வெறும் தரை. ஆனாலும் அவள் கோட்டைத் தாண்டி வரவில்லை. நஸ்மி சேர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்த இடைவெளியை அளந்து, "ரிப்பேர்காரங்கள்ளயும் குண்டு ஆள் இருப்பாங்க தானே" என்று சொல்லி அந்த மாதிரியைத் திருத்தச் சொன்னார்.

பட்டறையில் தகரம் அடிக்கிறவர்கள் எங்களைப் பார்த்துக் கேலி செய்வார்கள். பெரிய படிப்புப் படித்துவிட்டுப் பாண்டி ஆடுகிறார்கள் என்பார்கள். ஆடினோம்தான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி அம்புக்கு வருகிறேன்.

அந்த வெளிநாட்டுத் தொழிற்சாலையின் வேலை எங்களுக்குக் கிடைத்த முதல் வருடம். அதை நம்பித்தான் மேல்மாடியில் ஆறு பேரைப் புதிதாக எடுத்திருந்தார் நஸ்மி சேர். அதில் நான்கு பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து செய்யக்கூடிய வேலை. எனக்கு அதில் ஒரு கர்வம். அந்தத் தொழிற்சாலைக்கு நாங்கள் செய்து கொடுத்த மூன்றாவது பெட்டி, வளைகுடா நாடு ஒன்றில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவது. ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று அனுப்புகிற பெட்டி. ஒரு முனையால் காற்று உள்ளே வரும், மறு முனையால் வெளியே போகும். நீளப் பக்கம் ஒன்றில் மட்டும் மூன்று கதவு.

அந்தப் பெட்டியை நான்தான் செய்தேன். செய்து முடித்ததும் அதற்கு ஒரு பரிசு கொடுக்க ஆசைப்பட்டேன். திருப்பும் அம்பு என்று ஒன்று உண்டு. மாதிரியின் ஓரத்தில் இரட்டைத் தலையோடு சின்னதாக நிற்கும். கட்டடம் வரைகிறவர் அதை அமத்தினால் பெட்டி கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே மறுபக்கமாகிவிடும். வடக்கே இருந்த கதவு தெற்கே போய்விடும். சந்தையில் ரெடிமேடாக வருகிற இயந்திரங்களின் மாதிரியில் எல்லாம் அது இருக்கும். நம்முடையதில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

எனக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் நீளநீளமாகத் தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெரிய காத்தாடி. கொஞ்ச நேரம் காற்று அடியிலிருந்து மேலே போகும். பிறகு அப்பா காத்தாடியை மாற்றி ஓடவிடுவார், காற்று மேலேயிருந்து கீழே இழுபடும். அப்போதுதான் கொழுந்து இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வாடும். சோறு கொண்டுபோகிற சாக்கில் அதைப் பார்க்கவே போவேன். அப்பா சுவிட்சுக்குக் கையைத் தூக்கினால் காற்றே திரும்புகிறது! காற்றுப் பெட்டி என்றால் இரண்டு பக்கமும் திரும்பத்தான் வேண்டும் என்று என் மண்டையில் அன்றைக்கே ஏறிவிட்டது போலிருக்கிறது.

அம்பை வைத்து நஸ்மி சேருக்குக் காட்டினேன். "நல்லா ஈக்குதே" என்றார். கீழே சாக்குக்கட்டியால் கீறி நடந்தும் பார்த்தோம். எல்லாம் சரி. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து வைத்தார். அம்பை அமத்திவிட்டு நடந்து பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பல மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம் தொலைபேசி. கடல் தாண்டி வருகிற அழைப்பு, இரைச்சல். எடுத்ததும் ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் ஆரம்பித்தது. நான் "ஹலோ, யாருங்க?" என்றதும் அந்தக் குரல் அப்படியே மாறிவிட்டது.

"தமிழாக்கா? அப்பாடா! படத்தில நம்ம நாட்டு நம்பர் இருந்துச்சு, அதான் எடுத்துப் பாத்தேன். நான் செல்வகுமாருங்க. பலாங்கொடைதான் ஊரு. இங்க ஆஸ்பத்திரியில ஏசி மெயின்டனன்ஸ்."

"பலாங்கொடையில எங்க?" என்று நான் கேட்க, அவர் தோட்டத்தின் பெயரைச் சொல்ல, அது எங்கள் தோட்டத்துக்கு அடுத்த மலை என்று தெரிய, இரண்டு நிமிடம் அதிலேயே போய்விட்டது.

"அக்கா, விசயத்துக்கு வர்றேன். பெட்டி வந்து கீழ முத்தத்தில நிக்குது. வியாழக்கிழமை கிரேன் வந்து மொட்டைமாடியில இன்னும் கூரை போடாத மெஷின் அறைக்கு ஏத்தப் போறாங்க. நான் சும்மா ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். படத்தில கதவு அறைப் பக்கம் இருக்கு. பெட்டியில பாத்தா செவுத்துப் பக்கம் இருக்கு. அந்தச் செவுத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்லக்கா."

"நீங்க படத்தை மாத்திப் பிடிச்சிருப்பீங்க தம்பி." எனக்கு வாய்க்கொழுப்பு எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே போகும்.

"இல்லக்கா. நாலு தரம் பாத்துட்டேன். மாசாமாசம் ஃபில்டர் மாத்துறது நான்தான். தியேட்டருக்குப் போற காத்து, மாத்தாம விடவும் ஏலாது. கதவே தொறக்காட்டி நான் எப்புடிப் பூந்து வர்றது? எங்க பெரியவர்ட்ட சொன்னேன், 'படம் சரி, நீ உன் வேலையப் பாரு'ங்கிறாரு."

சாப்பாட்டை விட்டுவிட்டுக் கட்டட மாதிரியைத் திறந்தேன். பெட்டியைத் தொட்டதும் அதன் விவரத்தில் 'திருப்பப்பட்டது' என்று இருந்தது. தொழிற்சாலை பழைய படத்தின்படி தகரத்தை வெட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ அம்பை அமத்திப் பெட்டியைத் திருப்பியிருக்கிறார்கள். குழாய் எல்லாம் திருப்பிய பெட்டிக்கு ஏற்ற மாதிரி வரைந்தும்விட்டார்கள். தகரத்துக்கு அம்பு இருக்கிறதா என்ன, அமத்தினதும் திரும்ப?

யார் அமத்தியது என்று தேடினேன். அதுவும் பதிவாகியிருந்தது. கட்டடத்தை வரைந்த நிறுவனத்தில் ஒருவர். எனக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு அவ்வளவு நிம்மதி. ஓடிப்போய் நஸ்மி சேரிடம் சொன்னேன்.

"அவங்கதான் அமத்தியிருக்காங்க சேர். பேரோட இருக்கு. நம்ம பக்கம் பிழை இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனத்துக்கு அமத்தினாராம்?"

"தெரியாது சேர்."

"ம்" என்றார். அதோடு சரி.

அன்றைக்கு இரவு முழுக்க அந்த எனத்துக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் அமத்தினார்? பைத்தியமா? ஒரு பெட்டியைத் தகரத்தில் வெட்டியான பிறகு யாராவது திருப்புவார்களா? விடியும் நேரம் அந்தக் கேள்வி என் பக்கமே திரும்பி நின்றது. அவர் ஏன் அமத்தினார் என்று கேட்கிறாயே, அமத்த அங்கே ஏன் அம்பு இருந்தது?

ரெடிமேட் இயந்திரத்தில் இடது, வலது இரண்டும் கடையில் கிடைக்கும். அம்பை அமத்தினால் மற்றதை வாங்கலாம். நாங்கள் செய்தது ஒரே ஒரு இடத்துக்காக, ஒரே ஒரு தடவை வெட்டுகிற பெட்டி. அதற்கு மறுபக்கம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. இல்லாத ஒரு பெட்டியை இருக்கிறது என்று நான் அவருக்குக் காட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நஸ்மி சேர் எல்லாரையும் கீழே இறக்கினார். வந்து நிற்கிற பெட்டியை, கதவு சுவரைப் பார்த்தபடி, தரையில் கீறினோம். சமந்தி கதவு மட்டையைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். அரைவாசிகூடத் திறக்கவில்லை, சுவர்க்கோடு வந்துவிட்டது. எனக்கு அப்பா கையைத் தூக்குவது ஞாபகம் வந்தது.

"சேர், பெட்டியத் தலைமாறிப் போட்டா?"

"செல்லுங்க" என்றார். சொல்லுங்க என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும்.

"கண்ணாடி மாதிரித் திருப்பத்தான் ஏலாது. தலை இருக்கிற எடத்தில கால் வர்ற மாதிரிச் சுத்தி வைக்கலாம்தானே? கதவு தன்னால அறைப் பக்கம் வந்துரும். காத்து மட்டும் மறுமுனையால உள்ள வரும்."

"காத்துக் குழல் ரெண்டும் தலைமாறிப் போகுமே."

அதுதான் கேள்வி. குழல்களை வெட்டிக் கட்டிவிட்டார்களா? செல்வகுமாருக்குத் தொலைபேசி எடுத்தோம். அந்த மனிதரை நான் படுத்திய பாடு! குழல் வந்துவிட்டதா, தண்ணீர்க் குழாய் எங்கே நிற்கிறது, தூண் எங்கே, தூணிலிருந்து பெட்டிக்கு எத்தனை. அவர் வெயிலில் மொட்டைமாடிக்கும் முற்றத்துக்கும் நாடாவோடு ஓடினார். காற்றுக் குழல் இன்னும் வெட்டவில்லை, அளவு மட்டும்தான் எடுத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீர் ஓடிக் காற்றைக் குளிராக்குகிற குளிர்ச் சுருள் பெட்டியின் நடுவில் இருந்ததால் தலைமாறிப் போட்டாலும் குழாய் ஒரு சாண்தான் தள்ளும். மறுபடியும் கீறினோம். முதல் கதவு திறந்தது. இரண்டாவது திறந்தது. மூன்றாவது, ஃபில்டர் கதவு, சமந்தி திறக்கத் திறக்கத் தூண்கோட்டில் போய் முட்டியது.

"ஐயோ" என்று நான் தரையில் உட்கார்ந்தே விட்டேன்.

தொலைபேசியில் செல்வகுமார் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, இருங்க. கீல் பக்கத்தைப் பாக்குறேன்." அவர் பெட்டிக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு ஓரத்திலயும் போல்ட் ஓட்டை இருக்குக்கா! கீலை மறு ஓரத்துக்கு மாத்திட்டா கதவு தூணுக்கு எதிர்ப்பக்கமாத் தொறக்கும். எனக்கு அரை மணித்தியால வேலை" என்றார்.

சமந்தி மட்டையை மாற்றிப் பிடித்தாள். கதவு திறந்தது. பத்துக் கிலோ பையோடு நான் உள்ளே போய் ஃபில்டரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கீழே தகரம் அடிக்கிறவர்கள்கூட அன்றைக்குக் கை தட்டினார்கள்.

ஆனால் புதன்கிழமை மீட்டிங் இருந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு முகம். தொழிற்சாலைப் பொறியியலாளர், அம்பை அமத்திய கட்டட வடிவமைப்பாளர், இந்தப் பக்கம் நானும் நஸ்மி சேரும். பேச்செல்லாம் இங்கிலீஷில். மாற்று வழியைச் சொல்ல நாங்கள் படத்தோடு தயாராக இருந்தோம். அதற்கு முன் தொழிற்சாலைக்காரர் பிடித்துக்கொண்டார். பதிவில் பெயர் இருக்கிறது, பிழை வடிவமைப்பாளருடையது, ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் எழுதப் போகிறேன் என்றார். அந்த வடிவமைப்பாளர் சின்ன வயதுக்காரர். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை போகப்போகிறது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆறு பேரின் வேலையும் பத்திரம். நான் சொல்லிச் சேர்த்த பிள்ளைகள் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் நஸ்மி சேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்குக்கட்டி இருக்கும் சட்டைப் பையில் அன்றைக்கு மடித்த ஒரு காகிதம் இருந்தது. அடிக்கடி அதைத் தொட்டுக்கொண்டார். இது என்ன என்று பிறகு கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போனது.

என்னால் அடக்க முடியவில்லை. "ஒரு கேள்வி" என்றேன், வடிவமைப்பாளரைப் பார்த்து. "ஏன் அமத்தினீர்கள்?"

அவர் திடுக்கிட்டார். ஏசப்போகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு மெதுவாகச் சொன்னார். லிஃப்ட்டுக்காக ஒரு சுவரை இடம் மாற்ற வேண்டி வந்தது. கதவு சுவரைப் பார்த்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் அம்பு இருந்தது. "அம்பு இருந்தால், திருப்பலாம் என்றுதானே அர்த்தம்? திருப்பினால் அந்தப் பக்கத்துப் பெட்டிதான் வரும் என்று நினைத்தேன்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அமத்தியிருப்பேன்.

"அந்த அம்பை வைத்தது நான்" என்றேன். "இந்த மாதிரிப் பெட்டிக்கு அதை வைத்திருக்கக் கூடாது. அவர் எங்கள் மாதிரியை நம்பியிருக்கிறார்."

தொழிற்சாலைக்காரர், உங்களோடு ஒப்பந்தத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்றார். நஸ்மி சேர் "பேசுவோம்" என்றார். பிறகு படத்தைத் திறந்து, பெட்டியைத் தலைமாறிப் போடுகிற வழியை, ஏதோ கொத்துரொட்டிக்கு ஓடர் கொடுப்பதுபோல நிதானமாகச் சொல்லி முடித்தார்.

வியாழக்கிழமை கிரேன் வந்தது. செல்வகுமார் வீடியோ அனுப்பினார். பெட்டி வானத்தில் மெதுவாகச் சுற்றி இறங்கியது. பிறகு அவரே கதவைத் திறந்து உள்ளே போய், ஃபில்டர் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து பல்லைக் காட்டினார். நாங்கள் அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தோம் என்று கணக்கில்லை. ஒப்பந்தம் போகவில்லை. மூன்று மாதம் எங்கள் ஒவ்வொரு கோப்பையும் அவர்கள் சல்லடை போட்டுச் சலித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வடிவமைப்பாளரின் வேலையும் போகவில்லை. அதற்கடுத்த வாரம்தான் செக்லிஸ்ட்டில் அந்த முதல் வரி வந்தது.

இந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன். நான் வாய் திறக்கிற இடத்தில் கொஞ்சம் குரலை இறக்குவேன், அப்போதுதான் எடுபடும்.

தர்ஷினி கேட்ட மறுநாள் மாவனல்லைக்கு பஸ் ஏறினேன். நஸ்மி சேர் பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். சட்டைப் பையில் சாக்குக்கட்டி இல்லை. பிளேன்டீ வந்தது. நேராகக் கேட்டேன்.

"சேர், அந்த வரியில காரணத்த எழுதாம எனத்துக்கு என் பேர எழுதினீங்க?"

என் வாயில் அந்த எனத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டார். "நீங்க செல்ற மாதிரி எனக்குச் செல்ல ஏலாது தானே."

"இன்னொண்டு. மீட்டிங் அன்னைக்கு உங்க பையில ஒரு காகிதம் இருந்துச்சு. இத்தன வருசமாக் கேக்கணும்னு நெனைச்சு மறந்து போறேன்."

அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு பழைய கோப்போடு வந்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தொழிற்சாலைக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதம். மூன்றே வரி. திருப்பும் அம்பை வைத்தது எங்கள் அலுவலகம். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். பிழை என்னுடையது. கீழே அவர் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை. தேதியைப் பார்த்தேன். மீட்டிங்குக்கு முதல் நாள், நாங்கள் சாக்குக்கட்டியால் கீறிய செவ்வாய்க்கிழமை.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பிறகு வெட்கமும் வந்தது. "அப்ப நான் பேசாம இருந்திருந்தா?"

"இத வாசிச்சிருப்பேன்."

"என்னைய என்ன செஞ்சிருப்பீங்க?"

"உங்கள எனத்த செய்ற? அடுத்த பெட்டியத் தந்திருப்பேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா அதுக்குப் பொறகு நீங்க யார்ட்டயும் எனத்துக்குன்னு கேட்டீக்க மாட்டீங்க."

கண் நிறைந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கண்டிக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையோ விசாரித்தார். கேகாலைக்குப் போகிற எனக்கு எதற்குக் கண்டி பஸ்?

கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக ஆபிஸுக்குப் போனேன். இத்தனை வருடமாக நான் சொல்லி வந்த கதையில் நஸ்மி சேர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். தர்ஷினிக்குச் சொல்லும்போது அந்தத் தாளை முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.